ஒரு படி மல்லாட்டை எத்தனை கிராம்?

நம் பழைய இலக்கணக்காரர்கள் அளவைகளை நான்காகப் பிரித்து வைத்தார்கள்: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். எண்ணி வாங்குவது, தராசில் எடுத்து வாங்குவது, பாத்திரத்தில் முகந்து வாங்குவது, கோல் வைத்து நீட்டி அளப்பது. கொட்டை, பருப்பு வகைகளுக்கு நீட்டல் வேண்டாம். மற்ற மூன்றும் நடைமுறையில் இருந்தவைதான். தேங்காயும் பாக்கும் எண்ணிக்கை. பாதாம் விலை உயர்ந்த பண்டம், அதனால் தராசு. மல்லாட்டைக்குப் படி.

மல்லாட்டை என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மணிலாக்கொட்டைதான் தென்னாற்காட்டிலும் எங்கள் புதுவையிலும் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. நிலக்கடலை, வேர்க்கடலை என்று மற்றவர்கள் சொல்வதும் அதையேதான்.

இப்போது சமையல் குறிப்புகளில் "முந்திரி 100 கிராம்" என்று போடுகிறார்கள். சில குறிப்புகளில் "முந்திரி முக்கால் கப்" என்றிருக்கிறது. இரண்டும் ஒன்றா, வீட்டு டம்ளரில் எவ்வளவு போடுவது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவனிடம் கேட்டால் பதில் வரும் என்று ஒரு நம்பிக்கை. பதில் இருக்கிறது. ஆனால் ஒரு வரியில் சொல்லிவிடக்கூடியது இல்லை. இதற்குப் பின்னால் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது, அதில் நம் ஊரின் பங்கும் இருக்கிறது.

முதலில் நம் படியைப் பார்ப்போம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால், அதைக் குறுணி என்றும் சொல்வார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எல்லாம் இரண்டு இரண்டாகவும் நான்கு நான்காகவும் மடங்குவதால், எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட மனக்கணக்காகப் பாதி, கால், அரைக்கால் என்று பிரித்துவிடுவார்.

வாய்பாடு எல்லா ஊருக்கும் ஒன்று. பாத்திரம் மட்டும் ஒன்று இல்லை. சின்னப்படி, பெரியபடி, பட்டணம் படி என்று ஊருக்கு ஊர் வேறு. இன்றைய சித்த மருத்துவ நூல்களில் ஓர் ஆழாக்கு 168 மில்லி என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் படி 1 லிட்டர் 344 மில்லி. சென்னைப் பட்டணத்துப் பெரியபடியோ ஒன்றரை லிட்டருக்கு மேல். இரண்டுக்கும் பெயர் படிதான்.

இந்தச் சிக்கல் ராஜராஜ சோழன் காலத்திலேயே இருந்தது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளே சாட்சி. அங்கே நெல்லை வெறும் மரக்காலால் அளந்தார்கள் என்று எழுதவில்லை. "ஆடவல்லான்" என்று பெயர் சூட்டிய மரக்கால், அது "ராஜகேசரி" என்ற மரக்காலுக்குச் சமம் என்று குறிப்பு உண்டு. பொன் நிறுக்கும் கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். ரத்தினங்களை நிறுக்கும் கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். எந்த மரக்கால், எந்தக் கல் என்று எழுதாவிட்டால் நாளை தகராறு வரும் என்று அந்தக் கணக்கர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நானும் கணக்கன் என்பதால் அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

எந்தப் படி என்று முடிவான பிறகும், அதை எப்படி அளப்பது என்ற கேள்வி நிற்கிறது. தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா? எண்ணெய்க்கும் பாலுக்கும் இந்தக் கேள்வி இல்லை, அவை குவியாது. நெல்லும் பயறும் மல்லாட்டையும் குவியும். வாய் அகன்ற படியில் அதிகம் குவியும், வாய் குறுகிய படியில் குறைவாகக் குவியும். உயரத்திலிருந்து கொட்டினால் இறுக்கமாக உட்காரும், மெதுவாகச் சரித்தால் இளக்கமாக நிற்கும். ஒரு தட்டுத் தட்டினால் இன்னொரு கைப்பிடி உள்ளே போகும். அளக்கிற கை யாருடையது என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

இது நம் நாட்டுக் கதை மட்டும் இல்லை. நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தமிழ் வீட்டிலும் தெருவிலும் வந்தது. பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில் எங்களுக்கு பாஸ்தீய் கோட்டை இடிந்த கதையைச் சொன்னார்கள். அதே 1789இல் கிராமத்து மக்கள் ராஜாவுக்கு எழுதிய குறை மனுக்களில் அளவைகள் பற்றிய புகார் எத்தனை இருந்தது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். அங்கே தானியம் அளக்கும் பாத்திரத்துக்கு புவாசோ என்று பெயர். பாரிஸ் புவாசோ சுமார் 13 லிட்டர், பக்கத்து ஜில்லாவில் வேறு. பண்ணையார் குத்தகைத் தானியத்துக்குப் பெரிய பாத்திரம் வைப்பார், குவித்து அளக்கச் சொல்வார். ஒரே ராஜா, ஒரே சட்டம், ஒரே எடை, ஒரே அளவு என்பது அந்த மனுக்களில் திரும்பத் திரும்ப வந்த கோரிக்கை. நம் பக்கத்துக் குத்தகைக்காரர் படித்திருந்தால் அப்படியே கையெழுத்துப் போட்டிருப்பார்.

அந்தக் கோரிக்கையின் பலன்தான் மெட்ரிக் முறை. 1795 ஏப்ரல் 7ஆம் தேதிச் சட்டம் மீட்டர், லிட்டர், கிராம் என்ற பெயர்களைக் கொடுத்தது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம். பத்து சென்டிமீட்டர் நீள அகல உயரமுள்ள பெட்டி ஒரு லிட்டர், அதில் நிற்கும் தண்ணீர் ஒரு கிலோ. முகத்தலும் எடுத்தலும் அங்கே கைகோத்துக்கொண்டன. 1799இல் பிளாட்டினத்தில் ஒரு கிலோ எடைக்கல் செய்து பாரிசில் ஆவணக் காப்பகத்தில் வைத்தார்கள்.

ஜனங்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1812இல் நெப்போலியனே பழைய பெயர்களில் அளக்க இடம் கொடுக்க வேண்டிவந்தது. 1837இல் மறுபடி சட்டம் போட்டு, 1840 ஜனவரி 1 முதல்தான் மெட்ரிக் கட்டாயம் ஆனது. சட்டம் பிறந்து 45 வருஷம்.

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. லிட்டரும் கிலோவும் சமமாவது தண்ணீருக்கு மட்டும். பள்ளியில் வாத்தியார் அதை அழுத்திச் சொன்னாலும், பிள்ளைகள் மனத்தில் "ஒரு லிட்டர் ஒரு கிலோ" என்பது மட்டும் தங்கிவிடும். மல்லாட்டைப் பருப்பு ஒரு லிட்டர் அளந்து தராசில் வைத்தால் சுமார் 600 கிராம்தான் காட்டும். மீதி எங்கே? பருப்புக்கும் பருப்புக்கும் நடுவில் காற்றாக இருக்கிறது. படியில் வாங்குகிறவர் அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

இந்தக் காற்றுக் கணக்கு ஒரு காலத்தில் புதுவைத் துறைமுகத்தின் பெரிய கணக்காக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பிரான்சில் மார்செய் நகரத்துச் செக்காலைகளும் சோப்பு ஆலைகளும் மல்லாட்டையைக் கப்பல் கப்பலாக இழுத்தன. ஆப்பிரிக்காவில் செனகல் கொடுத்தது, இந்தியாவில் புதுவை கொடுத்தது. விளைந்தது பெரும்பாலும் இங்கிலீஷ்காரர் ஆட்சியில் இருந்த தென்னாற்காட்டுச் செம்மண்ணில். மாட்டு வண்டியிலும், 1879இல் விழுப்புரம் பாதை போட்ட பிறகு ரயிலிலும் மூட்டைகள் வந்து இறங்கின. இங்கிருந்து படகில் ஏற்றிக் கப்பலுக்கு.

ஒரு மூட்டை எத்தனை அளவைகளைத் தாண்டிப் போனது என்று பாருங்கள். களத்தில் படியும் மரக்காலும். இங்கிலீஷ் எல்லையில் மண்டி வியாபாரியிடம் பலம், வீசை, மணங்கு, கண்டி. 40 பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு கண்டி. மணங்கு 25 பவுண்டு, கண்டி 500 பவுண்டு. மார்செயில் கிலோ. வழியில் ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவர் ஒரு கணக்கை இன்னொரு கணக்காக மாற்றினார். மாற்றுகிறவர் தனக்கு நஷ்டம் வரும்படி மாற்ற மாட்டார் என்பது என் ஆபீஸ் அனுபவம்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் இருந்தவர்கள் பெண்கள். பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து காய் ஆய்வதும், காய்ந்த காயை உடைத்துப் பருப்பு எடுப்பதும் அவர்கள் வேலை. நான் சிறுவனாக இருந்தபோது புதுவையைச் சுற்றிய கிராமங்களில் பார்த்திருக்கிறேன். ஆய்ந்த காயைக் குவியலாகக் கொட்டி, இத்தனை மரக்காலுக்கு ஒரு படி என்று கூலியும் காயாகவே அளந்து கொடுப்பார்கள். குவியலை அளக்கும்போது மரக்கால் கோபுரமாக நிற்கும். கூலிப்படி அளக்கும்போது விளிம்போடு உள்ளங்கையால் ஒரு வழி. எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை, கை தாராளமாக அளந்தவர்களும் உண்டு. அந்தப் பெண்கள் தராசு பார்த்ததில்லை. ஆனால் அளக்கிற கையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

உடைத்த பருப்பு அளவும் அப்படியே. தோலோடு மூன்று கிலோ காய்ந்த காய் உடைத்தால் சுமார் இரண்டு கிலோ பருப்பு வரும். எடையில் மூன்றில் இரண்டு. ஆனால் ஒரு படி காயை உடைத்தால் அரைப்படிப் பருப்புகூடத் தேறாது, ஏனென்றால் காய்க்கு உள்ளேயும் காற்று, காய்க்கும் காய்க்கும் நடுவிலும் காற்று. ஈரக்காய் என்றால் கணக்கு இன்னும் புரளும். பிடுங்கிய உடனே காயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கும். வெயிலில் காய்ந்தால் எடை அப்படியே இறங்கும், படி அளவு அவ்வளவாக இறங்காது. அதனால் ஈரத்தில் விற்கிறவருக்குத் தராசு நல்லது, வாங்குகிறவருக்குப் படி நல்லது. எந்த அளவை வைத்துப் பேரம் பேசுவது என்பதே பாதிப் பேரம்.

1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கை மாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16. இந்த எட்டு வருஷத்துக்கு நடுவில்தான் இந்தியாவும் மெட்ரிக்குக்கு மாறியது. 1956இல் எடை அளவுச் சட்டம், 1957 ஏப்ரலில் நயா பைசா, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோ. வீசை என்பது 1 கிலோ 400 கிராம், பலம் 35 கிராம், தோலா 11 கிராமுக்குச் சற்று மேல் என்று மனப்பாடம் செய்தார்கள். புதுவையில் எங்களைப் போலப் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு அது புதிதில்லை. பள்ளிச் சிலேட்டில் கிலோவும் லிட்டரும், வீட்டு உறியடியில் படியும் ஆழாக்கும் என்று இரண்டு உலகத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

வீசையைக் கிலோவாக மாற்றுவது சுலபம், இரண்டும் எடை. ஒரு பெருக்கலில் முடிந்துவிடும். படியைக் கிலோவாக மாற்றத்தான் பெருக்கல் போதாது. அரிசிக்கு ஒரு கணக்கு, உளுந்துக்கு ஒரு கணக்கு, மல்லாட்டைக்கு ஒரு கணக்கு. அதனாலேயே எடைக்கற்கள் மாறி வெகு காலத்துக்குப் பிறகும் சந்தையில் படி ஒதுங்காமல் இருந்தது. இன்றும் சில ஊர்ச் சந்தையில் பச்சை மல்லாட்டையைப் படியில்தான் அளக்கிறார்கள்.

சமையலறைக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர் சமையலில் தராசு அடிப்படை. அவர்களுடைய காத்ர் கார் என்ற கேக்கின் பெயருக்கே நான்கு கால் பங்கு என்று பொருள். முட்டை, மாவு, சர்க்கரை, வெண்ணெய் நான்கும் சம எடை. எடைக்கல்கூட வேண்டாம், ஒரு தட்டில் முட்டைகளை வைத்து, மறு தட்டில் மற்றதை ஒவ்வொன்றாகப் போட்டால் போதும். அமெரிக்கர்கள் வேறு வழி போனார்கள். 1896இல் பாஸ்டன் சமையல் பள்ளியைச் சேர்ந்த ஃபேனி ஃபார்மர் அம்மையார் எழுதிய புத்தகம், கப்பைக் கத்தியால் தலைதட்டி அளக்கும் பழக்கத்தை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. நம் ஊர் தலைதட்டிய படியேதான்! அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி.

புதுவைக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு விவிக்கம் செய்வார்கள். ரவை, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய திராட்சை, முந்திரி. என் மனைவி வழியில் ஒரு பெரியம்மா இருந்தார். அவருடைய நோட்டில் வெண்ணெய் கிராமில் இருக்கும், ரவை படியில் இருக்கும், முந்திரி "இரண்டு கை" என்று இருக்கும். பிரான்சில் இருக்கும் பேத்தி போனில் கேட்டாள்: "தாத்தா, ஆயாவோட ரெண்டு கை எத்தனை கிராம்?" ஆயா போய்ப் பல வருஷம் ஆகிறது. அவருடைய கை சின்னக் கை, ஆனால் குவித்து எடுக்கும் கை. என் மனைவி தன் கையால் இரண்டு முறை எடுத்துக் காட்ட, மருமகளின் மின்தராசில் வைத்தோம். 70 கிராமுக்குக் கொஞ்சம் மேல். "நூறு போடு, ஆயா கொஞ்சம் கூடத்தான் போடுவாங்க" என்றாள் என் மனைவி. பேத்தியின் நோட்டில் இப்போது நூறு கிராம் என்றுதான் இருக்கும். அவளுக்குப் பிறகு வருகிறவர்கள் தராசில் நிறுத்துக்கொள்ளலாம். இரண்டு கை என்று ஒன்று இருந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

சரி, கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலில் ஒரு கப்புக்கு இத்தனை கிராம் என்று தந்திருக்கிறார்கள். அதை நம் வீட்டு 200 மில்லி டம்ளருக்கு மாற்றினால் இப்படி வருகிறது. மல்லாட்டைப் பருப்பு சுமார் 123 கிராம். முழுப் பாதாம் 121. முந்திரி 116. பிஸ்தா பருப்பு 104. டம்ளரைத் தலைதட்டி அளக்க வேண்டும், குத்தி அமுக்கக் கூடாது. 100 கிராம் முந்திரி வேண்டுமென்றால் முக்கால் டம்ளரும் அதற்கு மேல் ஒரு பிடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப் என்று குறிப்பு சொன்னால் எந்தக் கப் என்று பாருங்கள். கடையில் 200, 237, 250 மூன்றும் கிடைக்கின்றன.

முழுப் பருப்பாக இல்லாமல் நறுக்கியோ பொடித்தோ அளந்தால் எண் மாறிவிடும். முழுப் பாதாம் ஒரு அமெரிக்கக் கப் 143 கிராம். அதையே பொடித்து அளந்தால் ஒரு கப் 95 கிராம்தான், பொடி உப்பிக்கொண்டு காற்றோடு நிற்கிறது. மெல்லிய வில்லையாகச் சீவினால் 92. ஆனால் வால்நட் நேர்மாறு. பாதிப் பாதியாக இருந்தால் கப்புக்கு 100 கிராம், நறுக்கினால் இடைவெளி குறைந்து 117 கிராம். அதையும் பொடியாக்கினால் 80க்கு இறங்கிவிடும். ஆகவே "முந்திரி ஒரு கப், பொடித்துக்கொள்ளவும்" என்பதும் "பொடித்த முந்திரி ஒரு கப்" என்பதும் ஒன்றில்லை. முதலாவதில் அளந்த பிறகு பொடிக்கிறோம், இரண்டாவதில் பொடித்த பிறகு அளக்கிறோம். பாயசத்துக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது. கேக்குக்கும் முந்திரிக் கத்லிக்கும் செய்யும்.

அளவு ஒன்று கையில் கிடைத்தால் எது, எந்த நிலையில், எந்தப் பாத்திரத்தில், யார் அளந்தது என்று நான்கு கேள்வி கேட்டுவிட்டுத்தான் எண்ணை எழுத வேண்டும். ராஜராஜன் காலத்துக் கணக்கர் ஆடவல்லான் என்று பெயர் எழுதியது அதற்காகத்தான். காய் ஆய்ந்த பெண்கள் அளக்கிற கையைப் பார்த்ததும் அதற்காகத்தான்.

தமிழில் சோறு போடுவதைப் படியளப்பது என்கிறோம். கடவுள் நமக்குப் படியளக்கிறார் என்போம், நிறுத்துக் கொடுக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. குவித்து அளப்பார் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் பரணில் பழைய பித்தளைப்படி ஒன்று கிடந்தால் எடுத்துத் துலக்கி, அதில் எத்தனை மில்லி தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து ஒரு காகிதத்தில் எழுதி உள்ளேயே போட்டு வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் நோட்டில் படி என்று எழுதியிருப்பது அந்தப் படிதான். அதன் அளவு தெரிந்தால் மற்றதைப் பேரப்பிள்ளைகள் போட்டுக்கொள்வார்கள்.